கூட வந்தவங்க வெளியே இருங்க

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இந்தப் பக்கத்து முதுகுவலிக்காரர்கள் பாதிப் பேரிடம் என் போன் நம்பர் இருக்கிறது. "கைரோபிராக்டர்கிட்ட போகலாம்னு இருக்கேன், போனா என்ன செய்வாக, கழுத்த ஒடிச்சிர மாட்டாகளே?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் நாலு வருடம் ராஜபாளையத்தில், முதுகையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பி வலி பார்க்கிற ஒரு கைரோபிராக்டர் அம்மாவின் கிளினிக்குக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய், வாசலில் காத்துக் கிடந்து, திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். உள்ளே நடந்ததை எல்லாம் திரும்பும் வழியில் பின் சீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். கொஞ்சம் தெரிந்துவிட்டால் நான் நிறையப் பேசுவேன், அது என் சுபாவம்.

அந்த அம்மா இப்போது இங்கே இல்லை. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போய்விட்டார். பெயர்ப் பலகையில் அவர் பெயர் பெரிதாகத்தான் எழுதியிருந்தது. யாரும் அதைச் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்கு அவர் 'ஆகண்டி அம்மா'. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பார். பக்கத்தில் நிற்கிற யாராவது பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள். உடனே கையை உயர்த்தி "ஆகண்டி" என்பார். தெலுங்கில் 'பொறுங்கள்' என்று அர்த்தம். அதட்டலாகச் சொல்ல மாட்டார். ஆனால் அதற்குப் பிறகு பேச யாருக்கும் வாய் வராது.

ஒருநாள் என் மனைவி இனிமேல் நடப்பாளா மாட்டாளா என்பது அந்த அம்மாவின் இந்தப் பிடிவாதத்தில் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதைச் சொன்னால் பாதிதான் புரியும்.

முதன்முதலில் நான் அங்கே ஏற்றிப்போனது ஒரு பலசரக்கு மொத்த வியாபாரியை. கழுத்தைத் திருப்ப முடியாமல், பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்புவார். போகிற வழி முழுக்க எனக்கு செல்போனில் வீடியோ காட்டினார். ஒரு வெள்ளைக்காரர் ஒருவன் தலையைப் பிடித்துத் திருப்புகிறார், விறகு முறிகிற மாதிரி சத்தம் வருகிறது, அவன் எழுந்து சிரிக்கிறான். "இத மாதிரி ஒண்ணு போட்டுட்டா சாயங்காலம் கடைக்குப் போயிருவேன்" என்றார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் சரியில்லை. காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். பிறகு பொங்கினார்.

"கையே வைக்கல தம்பி. கேள்வியா கேக்காக. எப்ப இருந்து வலி, கை மரத்துப் போகுதா, எந்த விரலு, கீழ விழுந்தீகளா, காய்ச்சல் வருதா, எடை கொறஞ்சிருக்கா, தூக்கத்துல வலிச்சி முழிப்பீகளா... பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டுக் கேக்க மாட்டான். பொறவு சுத்தியல் வச்சி முட்டியத் தட்டுனாக. குதிகால்ல நடன்னாக, நடந்தேன். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாக. ஒரு சொடக்கு இல்ல!"

இதுதான் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம். முதல் நாள் பெரும்பாலும் கேள்விதான். படுத்ததும் முறிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய ஸ்கேன், எக்ஸ்ரே இருந்தால் கொண்டு போங்கள். இறுக்கமான பேன்ட் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் குப்புறப் படுக்க வேண்டாம். அந்த வியாபாரி அன்றைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார், அதையும் அந்த அம்மா கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாராம்.

இரண்டாம் தடவை போனபோது அந்த அம்மா அவர் கழுத்தில் கை வைத்தார், நாலைந்து தடவையில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஆனாலும் அவர் முதல் நாளை மன்னிக்கவே இல்லை.

கிளினிக் தரைத்தளத்தில், பேண்டேஜ் துணிக் குடோனுக்குப் பக்கத்தில் இருந்தது. மாடியில் நல்ல அறை குறைந்த வாடகைக்குக் கிடைத்தும், இடுப்புவலிக்காரர்களைப் படி ஏற வைப்பேனா என்று வேண்டாம் என்றாராம். காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி வைத்த மர நாற்காலிகள். மெத்தை சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அவருடைய மேசை ஜன்னலோரம் இருந்தது. காரை விட்டு ஒருவர் எப்படி இறங்குகிறார், எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று அங்கிருந்தே பார்த்துவிடுவார். இதை நான் கண்டுபிடித்த பிறகு, காரை ஜன்னலுக்கு நேராகவே நிறுத்துவேன்.

பார்த்ததில் நானும் சேர்த்தி. ஒருநாள் வாசலுக்கு வந்து, "நீங்க எறங்கும்போது வலது பக்கம் சாஞ்சு எறங்குறீங்களே, எத்தனை நாளா?" என்றார்.

என்னைப் பேசச் சொல்ல வேண்டுமா? டிரைவர் வேலையில் சேர்ந்த கதை, பழைய அம்பாசிடரில் சீட் குழி விழுந்த கதை, பிளவக்கல் அணைக்குப் போகிற ரோடு அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பது வரை வந்துவிட்டேன். நான் பேசியது என்னைப் பற்றித்தான் என்றாலும் கை உயர்ந்தது.

"ஆகண்டி. எத்தனை நாளான்னுதான் கேட்டேன்."

"ஏழெட்டு மாசம் இருக்கும்மா."

"பர்ஸ் எங்க வைப்பீங்க?"

பின்பாக்கெட்டில், வலது பக்கம். அதில் பணம் இருந்ததை விட அட்டைகளும் பழைய ரசீதுகளும்தான் அதிகம். ஒரு புட்டத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பர்ஸை எடுக்கச் சொன்னார், இரண்டு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பிறகுதான் மேசையில் படுக்கச் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் கை வைக்கும் முன்னால் சொல்வார்: "இப்ப இடுப்புல கை வைக்கப் போறேன். உங்களப் பக்கவாட்டுல திருப்பி ஒரு அழுத்து அழுத்துவேன். சத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். செய்யட்டுமா?" நான் தலையாட்டினேன். "வாயால சொல்லுங்க" என்றார். "சரிம்மா" என்றேன். அதற்குப் பிறகுதான் கை வந்தது. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார், முகத்தைச் சுளிக்க மாட்டார். கழுத்து வேண்டவே வேண்டாம் என்று பயந்த எத்தனையோ பேருக்கு வெறும் கையால் தடவி, பயிற்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்குச் சத்தம் வந்தது. மூன்று. நான் பெருமையாக, "மூணும்மா!" என்றேன்.

"அது எலும்பு ஒடியிற சத்தமும் இல்ல, சேருற சத்தமும் இல்ல. மூட்டுக்குள்ள காத்து விடுபடுற சத்தம். சோடா பாட்டில் தெறக்கிற மாதிரி. சத்தம் கேட்டதுனால சரியாச்சுன்னும் இல்ல, கேக்காததுனால ஆகலன்னும் இல்ல. நாளைக்கி லேசா வலிக்கும், ரெண்டு நாள்ல போயிரும். போகலன்னா போன் பண்ணுங்க."

இதை அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பார். எங்கள் ஆட்கள் காதில் விழ வேண்டுமே! திரும்பும் வழியில் என் காரில் சொடக்குக் கணக்குத்தான். "ஏட்டி, ஒனக்கு எத்தன?" "எனக்கு அஞ்சு." "எனக்கு ரெண்டுதான், இன்னிக்கி சரியாப் பாக்கல." தேவதானத்தில் இருந்து வந்த ஒரு அக்காவுக்கு ஒருநாள் ஒன்பது வந்தது. அதை அந்த ஊரில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தமும் வராதவர்கள் காரில் ஓரமாக உட்கார்ந்து வருவார்கள். சிலர் வீட்டுக்குப் போய்த் தாங்களே கழுத்தைத் திருகிப் பார்ப்பதும் உண்டு. அதைக் கேள்விப்பட்டால்தான் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும்.

ஓய்வு பெற்ற ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். ஐந்து வகை சாப்பிடுகிறவர், இரண்டு அட்டையை மட்டும் கொண்டு வந்தார். அம்மா விடாமல் கேட்டதில் இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுவது தெரிந்தது. "அது நெஞ்சுக்கும்மா. நான் வந்தது முதுகுக்குல்லா?" என்றாராம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அழுத்தித் திருப்பினால் உள்ளே இரத்தம் கசியலாம் என்று சொல்லி, சூட்டு ஒத்தடமும் பயிற்சியும் மட்டும் கொடுத்தார். உடம்பைத் தனித்தனி டிப்போவாக நினைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அந்த வழிக்கும் இந்த வழிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவோம். அதே கண்டக்டர் வலி போன பிறகும் மாதம் ஒரு தடவை வண்டி சர்வீஸ் மாதிரி வந்துபோகிறேன் என்று கேட்டிருக்கிறார். "நல்லா இருந்தா வராதீங்க" என்று அனுப்பிவிட்டார். தொழில் நடத்துகிற இலட்சணமா இது என்று நான்கூட நினைத்தேன்.

எங்கள் பக்கம் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை. வலி ஒருவருக்கு, கூட வருகிறவர்கள் மூன்று பேர். வலியைப் பற்றிப் பேசுவது அந்த மூன்று பேர்தான். நோயாளி சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா சில கேள்விகளை எல்லாரும் இருக்கும்போது கேட்பார், ஒன்றிரண்டு "ஆகண்டி" சொல்லிப் பார்ப்பார். பிறகு, "கூட வந்தவங்க வெளியே இருங்க" என்பார். உதவிக்கு இருந்த அக்கா ஒருவர் மட்டும் உள்ளே இருப்பார். கதவு சாத்தப்படும்.

இதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. ஒரு மாமியார் என் கார் கதவில் சாய்ந்துகொண்டு, "மருமகளத் தனியா வச்சி என்னத்தக் கேக்கா? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?" என்று சத்தம் போட்டார். அன்று அந்தப் பெண்ணை, "எக்ஸ்ரே இப்ப வேண்டாம், மூணு வாரம் கழிச்சி வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமியாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணே கைக்குழந்தையோடு என் காரில் வந்தபோது சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. முந்தின தடவை தங்காததால் யாரிடமும் சொல்லப் பயந்திருந்தாள். அந்த அறைக்குள்தான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னாளாம். அந்த அம்மா வெளியே வந்து மூச்சு விடவில்லை.

சில நேரம் அவர் மேல் எனக்கு எரிச்சலும் வந்திருக்கிறது. இத்தனை வருடம் பழகியும் என்னிடம் ஒரு நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அந்தச் சேத்தூர்க்காரருக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "அவரத்தான உங்க கார்ல கூட்டிட்டுப் போனீங்க, அவர்ட்ட கேக்க வேண்டியதுதான?" என்பார். சிரிக்காமலே சொல்வார்.

இனி என் வீட்டு விஷயம். இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றாள்.

என் மனைவி ஒரு நைட்டிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். பல மாதமாக இடுப்புவலி. வலி இடது காலுக்கு இறங்கியது, பிறகு வலது காலுக்கும். ஊர்ப்பட்ட முதுகுவலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிற நான் அவளை ஒருநாள் கூட்டிப்போகவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன். பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஒரு சவாரியைத் தள்ளிவிட்டுக் கூட்டிப்போனேன்.

வழியிலேயே அவளுக்குப் பாடம் நடத்தினேன். அங்கே என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத்தான் அத்துப்படியாயிற்றே. ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா அவளைப் பார்த்து, "எங்கம்மா வலிக்குது?" என்றார்.

"இடுப்புலதாம்மா. கொஞ்சம் காலுக்கு எறங்குது. மெசின்ல குனிஞ்சே ஒக்காந்து..." இது நான்.

"ஆகண்டி. கால்ல மரமரப்பு இருக்காம்மா?"

"லேசாத்தாம்மா இருக்கும். அவ எதையும் பெருசா எடுத்துக்க மாட்டா."

"ஆகண்டி."

மூன்றாவது தடவை நான் வாயைத் திறந்தபோது, "கூட வந்தவங்க வெளியே இருங்க" என்று சொல்லிவிட்டார். எத்தனை பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அந்தச் சொல் என் மேலேயே வந்து விழும் என்று நினைக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"ஏம்மா, நானும் இங்க வர்ற ஆளுதான. எம் பொண்டாட்டிக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கலாம். அவங்க சொல்லிக் கேக்கணும் எனக்கு."

வெளியே வந்து மர நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த என் பழைய சவாரி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. மற்றவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிற இடம்.

அந்த அம்மா கையில் எழுதிய கடிதத்தோடு வந்தார். நடையில் அவசரம் தெரிந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"வண்டிய எடுங்க. மதுரைக்கு. இப்பவே. எந்த ஆஸ்பத்திரின்னு இதுல எழுதிருக்கேன், போன்ல சொல்லிட்டேன். எமர்ஜென்சின்னு சொல்லுங்க."

"ஒரு அழுத்து அழுத்திவிட்டா..."

"நான் இன்னிக்கி அவங்க மேல கை வச்சா தப்பு. வேற யாரும் வைக்கவும் விட்றாதீங்க. முதுகுத்தண்டு அடியில நரம்புக் கத்தை நசுங்குது. இதுல மணிக்கணக்குதான். தாமதமாச்சுன்னா காலு வராமலே போயிரும். காலு மட்டும் இல்ல."

"வேற என்னம்மா?"

அவர் திரும்பி என் மனைவியைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து, வேண்டாம் என்கிற மாதிரி விரலை அசைத்தாள். "டாக்டருக்கு வேண்டியது எல்லாம் கடிதாசியில இருக்கு. மத்தத அவங்க சொல்லும்போது கேட்டுக்கோங்க" என்றார்.

காரை எடுத்தேன். மதுரைக்குப் போகும் வழியில்தான் எங்கள் ஊர். இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது. மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். வாசலில் நின்று மச்சானுக்குப் போன் போட்டேன். "மதுரைக்குப் போனா கத்திய எடுத்துருவான் மாப்ள. ஆபரேசன் பண்ணி நடந்தவன் யாரு? வத்ராப் போற வழியில ஒரு ஆளு இருக்காரு, ரெண்டு இழுப்புல சரி பண்ணிருவாரு" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மதுரை, ஆபரேஷன் என்றதும் அவளை விட நான்தான் அதிகம் பயந்தேன். அவளை வலியோடு காரில் உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் வாசலில் நின்று நாலு பேரிடம் யோசனை கேட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

போன் அடித்தது. அந்த அம்மா.

"எங்க இருக்கீங்க?"

"கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டோம்மா" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன்.

"போன அவங்ககிட்ட குடுங்க."

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கார்க் கதவு வழியாக நீட்டினேன். என் மனைவி காதில் வைத்துக் கேட்டாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "இல்லம்மா. வீட்டு வாசல்லதான் நிக்கிறோம். வத்ராப் பக்கம் ஒருத்தர்ட்ட இழுத்துவிடப் போகலாம்னு பேசிக்கிட்டு இருக்காக" என்றாள். எதிர்முனையில் ஏதோ ஒரு கேள்வி. "மதுரைக்கும்மா" என்றாள். "சரிம்மா." போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னாக?"

"அவிய ஒண்ணும் சொல்லல. நீங்க எங்க போகணும்னு நெனைக்கீங்கன்னு கேட்டாக. மதுரைக்குன்னு சொல்லிட்டேன். வண்டிய எடுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவள் எனக்கு அப்படி உத்தரவு போட்டதில்லை. எடுத்தேன். கிருஷ்ணன்கோவிலில் மச்சான் சொன்ன வத்ராப்புக்கு, அதாவது வத்திராயிருப்புக்கு, ரோடு பிரிகிற இடம் வந்தபோது அந்தப் பக்கம் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கடிதத்தைப் படித்த உடனே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலமே ஆபரேஷன். முடித்துவிட்டு வந்த டாக்டர், இன்றைக்கு வந்ததால் சரி, யாராவது பிடித்து இழுத்திருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார். நான் வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன். அழுகையை விட வெட்கம்தான் அதிகம் இருந்தது.

இப்போது அவள் நடக்கிறாள். மெஷினில் உட்காருகிறாள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காருகிறாள். இடது பாதத்தில் வெளி ஓரம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. செருப்புக் கழன்றால் அவளுக்குத் தெரியாது, நான்தான் பார்த்துச் சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து பால்கோவா வாங்கிக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். நன்றி சொல்வதற்கு ஒரு பெரிய பேச்சே தயார் பண்ணி வைத்திருந்தேன். "நல்லா இருக்காம்மா, நடக்கா, சாப்பிடுதா..." என்று ஆரம்பித்தேன். கை உயர்ந்தது. மேசையில் இருந்த போனை எடுத்து, என் முன்னாலேயே என் மனைவிக்குப் பேசினார். கால் மணி நேரம். இடையில் இருவரும் சிரித்தார்கள். நான் பால்கோவாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டு, "நல்லா இருக்காங்க" என்று என்னிடம் சொன்னார், எனக்குத் தெரியாத செய்தி மாதிரி.

புதிதாகப் போகிறவர்களுக்கு இதை எல்லாம் சொல்ல நேரம் இருப்பதில்லை. எந்த ஊரில் எந்தக் கைரோபிராக்டரிடம் போனாலும் கேள்வி கேட்காமல் கழுத்தைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள் என்கிறேன். இரண்டு காலும் மரத்தால், மூத்திரம் போவதில் மாற்றம் தெரிந்தால் அங்கேகூடப் போகாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறேன். எனக்கே இது எப்படித் தெரிய வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். முகம் தெளிந்திருந்தது. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி அந்த அம்மாட்ட அப்பிடி என்னத்தச் சொன்ன? பத்து நிமிசத்துல தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்தாக."

அவள் கஞ்சியை விழுங்கிவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"நாலு நாளா எனக்கு ஒண்ணுக்குச் சரியா வரல. முட்டிக்கிட்டு நிக்கும், சொட்டுச் சொட்டாத்தான் போகும். ஒக்காருற எடமே மரத்துப் போச்சு, துணி பட்டாக்கூடத் தெரியல. அவிய அதத்தான் கேட்டாக, சொன்னேன்."

"அட பாவி மவளே, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நாலு நாளா வீட்டுக்குள்ளதான இருந்தேன்?"

"வியாழக்கெழம காலையில பாத்ரூம்ல முக்கா மணி நேரம் ஒக்காந்து இருந்தேன். அழுகையா வந்துச்சு. நீங்க வந்து கதவத் தட்டுனீக. சரி, கேப்பீக, சொல்லிருவோம்னு எந்திரிச்சேன்."

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"'என்ன, உள்ளயே வாடகைக்குக் குடி வந்துட்டியா?'ன்னு கேட்டீக."

கேட்டேன். ஞாபகம் இருக்கிறது. கேட்டுவிட்டு, நல்ல நகைச்சுவை என்று நானே சிரித்துக்கொண்டு சவாரிக்குக் கிளம்பிப் போனேன்.